கொடைக்கானலில் அக்கா விட்டுப்போன பச்சை

கொடைக்கானலில் இறங்கியதும் ஒரு பிளேன்டி கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. பால் போடாத தேத்தண்ணி என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாலு இல்லாமயா? ஒடம்புக்கு முடியலையாம்மா?"

எங்கள் பக்கம் பால் கேட்டால்தான் அப்படிப் பார்ப்பார்கள். அவர் தூளைப் பாலிலேயே போட்டுக் கொதிக்கவைத்து, சீனியையும் கேட்காமல் அள்ளிப் போட்டுத் தந்தார். சூடாக இருந்தது. அது போதும் என்று குடித்தேன்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடும்பம் எங்களுடையது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போனவள் என் அக்கா யோகேஸ்வரி. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கிறேன். அக்காவுக்கு உதவித்தொகை கிடைத்து, டாக்டர் பட்டத்துக்குப் படிக்க இந்த ஊருக்கு வந்தாள். ஒரு நாள் மதியம் சாப்பிடக் கிளம்பியபோது ஆய்வுக்கூடத்துப் படியில் விழுந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. உடம்பு விமானத்தில் வந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அக்காவின் பேராசிரியை போன் செய்தார். அவள் பாதியில் விட்டுப்போன வேலை ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வந்தால் நல்லது என்றார். அப்பா கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் கிளம்பினேன். அம்மா ஒன்றே ஒன்றைத்தான் விசாரித்து வரச் சொன்னாள்.

"அவ டாக்டரா, இல்லையா? அதக் கேட்டுட்டு வா."

அக்காவுக்கு அடுத்தபடியாக அந்தப் பேராசிரியை மேடத்திடம் படிக்கிற ஜெனிபர் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். அவளுக்கு வீடு பள்ளங்கியில். தன் அப்பாவின் ஜீப்பில் வந்திருந்தாள். அப்பா பெயர் ஆரோக்கியம். கேரட்டும் பூண்டும் போடுகிறவர். ஜீப்பின் பின்னால் பூண்டு மணம் ஊறிக் கிடந்தது.

"ஒங்க ஊர்லயும் இப்பிடித்தான் குளிருமா தாயி?" என்று கேட்டார்.

"இதே மாதிரிதான். மழை இன்னும் கூட."

"பெறகு எதுக்கு ஒங்க அக்கா இங்க வந்துச்சு? குளிரு பத்தலைன்னா?"

"அப்பா," என்றாள் ஜெனிபர்.

அவர் கியரை மாற்றினார். எனக்குக் கோபம் வரவில்லை. சாவு நடந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் சாதாரணமாகப் பேசியதில்லை. அவர்தான் முதல் ஆள்.

பள்ளங்கிப் பக்கத்துச் சரிவுகளில் படிக்கட்டு மாதிரி தோட்டங்கள். கேரட், பீன்ஸ், பூண்டு. எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் தேயிலை இல்லாத மலையைப் பார்க்க எனக்கு, உடுப்பு மாற்றிக்கொண்ட சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல இருந்தது. ராத்திரி பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். துக்க வீட்டுக்காரி இப்படிச் சாப்பிடலாமா என்று தெரியவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்தார், உடனே விட்டார். அவருக்கு ஒரு போன் வந்தது. ஆங்கிலத்தில் பேசினார். என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசியதால், என்ன சொல்கிறார் என்று ஜெனிபரிடம் கேட்டேன்.

"தங்கச்சி வந்திருக்காங்க. இல்லல்ல, அழல. நல்லாத்தான் இருக்காங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்று ஜெனிபர் என் காதில் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்த பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி மாதிரி ஒன்று. புகையை வெளியே இழுக்கிற பெட்டி. அதற்குள் ஒரு பீக்கர், மேலே கண்ணாடித் தட்டு மூடியிருந்தது. உள்ளே கரும்பச்சையாக ஏதோ இருந்தது. பீக்கரைச் சுற்றி ஒரு ஜெபமாலை. பக்கத்தில் ஒரு விபூதிப் பொட்டலம். பீக்கரின் மேல் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. அக்காவின் எழுத்து. ஆங்கிலத்தில் இருந்தாலும் என்னால் கூட்டிப் படிக்க முடிந்தது. தொடாதீர்கள், யோகா.

இங்கே அது ஒரு வழக்கமாம். யாராவது கலவை ஒன்றைத் தொடங்கி வைத்துவிட்டுப் போனால் அப்படி எழுதி ஒட்டிவிடுவார்கள். அடுத்தவர் வைத்ததை யாரும் தொட மாட்டார்கள். அன்று காலை அக்கா இதை வைத்துவிட்டுத்தான் சாப்பிடக் கிளம்பியிருக்கிறாள்.

"அடுத்த நாள் வடிகட்டியிருக்கணும்," என்றார் மேடம். "எனக்குத் தெரியும். நான் இதச் சொல்லிக்குடுக்கறவ. ஆனா அந்தத் தாளப் பாத்தா கை போகல. ஜெனிபர் கை போகல, மத்தவங்க கை போகல, என்னுதும் போகல. அப்படியே நாளாயிடுச்சு."

"அந்த மாலை?"

"நான்தான் வச்சேன்," என்றாள் ஜெனிபர். "விபூதி, கூட்ட வர்ற அம்மா வச்சது. அக்கா விபூதி பூசுறவங்கல்ல, அதுக்குத்தான்னாங்க."

நான் நேராகவே கேட்டேன். "அக்கா டாக்டரா மேடம்?"

மேடம் உட்கார்ந்து சொன்னார். அக்காவின் ஆய்வில் ஐந்து பாகங்கள். நான்கு எழுதி முடித்தாயிற்று. ஐந்தாவது இந்த பீக்கர். இறந்தவர்களுக்கும் பட்டம் கேட்டு அனுப்பலாம், ஆனால் வேலை முழுமையாக இருக்க வேண்டும். இதில் அவள் எதிர்பார்த்த இழைகள் வந்திருந்தால் ஐந்தும் முடிந்தது என்று அனுப்பிவிடலாம்.

"ஜெனிபர் திரும்பச் செஞ்சா?"

"செய்யலாம். ஆனா அது ஜெனிபர் செஞ்சது. யோகா செஞ்சதுன்னு போட முடியாதும்மா."

அக்கா என்னதான் செய்தாள் என்று எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது. கரண்டு கடத்துற பிளாஸ்டிக் என்று போனில் சொல்லுவாள். நான் சரி சரி என்பேன். ஜெனிபர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் செய்து காட்டினாள். கீழே ஒரு திரவம், அதில் அனிலின் என்ற எண்ணெய் மாதிரியான மருந்து கரைந்திருக்கிறது. மேலே மெதுவாக அமிலத் தண்ணீரை ஊற்றினாள். எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இரண்டும் சேரவில்லை.

"ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. சும்மா பாத்துட்டே இருக்கணும்."

"கலக்குனா?"

"கட்டி கட்டியாயிரும். சும்மா விட்டாதான் நூலு நூலா வளரும். ஒரு தலைமுடிய நீளமாக் கிழிச்சு ஆயிரம் ஆக்குனா, அதுல ஒண்ணு எவ்வளவோ, அவ்வளவு மெல்லிசு. மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல, இதுக்கு ஐஸ் வைப்பாங்க. இங்க தேவையில்ல. உங்க அக்கா காலைல வெள்ளனே வந்து ஜன்னலத் தொறந்து வச்சுட்டு வேலையத் தொடங்கிருவாங்க. நாங்கல்லாம் நடுங்குவோம்."

இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு மாதிரிப் பச்சை வந்தது. அங்கிருந்து மேலே தண்ணீருக்குள் புகைபோலப் பரவியது. யாரும் தொடவில்லை, தானாகவே போனது. நான் தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அக்கா ஏன் லீவுக்குக்கூட வராமல் இங்கே கிடந்தாள் என்பது கொஞ்சம் புரிந்தது. முழுதும் புரியவில்லை.

பிறகு பீக்கரை எடுத்தார்கள். ஜெபமாலையை ஜெனிபரே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். தாளை என்னை உரிக்கச் சொன்னார்கள். பசை காய்ந்துபோயிருந்ததால் பாதியில் கிழிந்துவிட்டது. வெள்ளைப் புனலில் வட்டத்தாள் போட்டு, பம்ப்பை ஓடவிட்டு, பச்சையை ஊற்றினார்கள். தண்ணீர் கீழே இறங்க, சேறு மாதிரி மேலே தங்கியது. திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் தெளிகிற வரைக்கும் மேடம் அசையவே இல்லை. அவருடைய கன்னம் நனைந்திருந்தது. என் கன்னம் காய்ந்திருந்தது. எனக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் தூள் காய்ந்திருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து அழுத்தி மாத்திரைபோல ஆக்கி, இரண்டு பக்கமும் கம்பியை வைத்தார்கள். மீட்டரில் எண் ஓடியது.

"கரண்டு போகுது," என்றாள் ஜெனிபர். அன்றுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வேறொரு மெஷினில் நிறத்தை அளந்தார்கள். அதுவும் சரி என்றார்கள். மிச்சம் ஒன்றுதான். நூலா, கட்டியா. அதைப் பார்க்கிற எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் கீழே ஒரு கல்லூரியில்தான் இருக்கிறது. மறுநாள் நமக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றார் மேடம். அவருக்கு அன்று பரீட்சை வேலை. ஜெனிபரும் நானும் போவதாக முடிவானது. சாயந்தரம் ஏரியைச் சுற்றி நடந்தேன். நுவரெலியாவிலும் ஏரி இருக்கிறது, குதிரை இருக்கிறது, குதிரைக்காரர் அதே மாதிரித் தொந்தரவு செய்வார். இங்கே ஒருவர் என்னை ஆங்கிலத்தில் கூப்பிட்டார். தமிழில் பதில் சொன்னதும், "அட, நம்ம புள்ளையா," என்று விட்டுவிட்டார்.

காலையில் ஆரோக்கியம்தான் எங்களை இறக்கினார். பெரிய ரோட்டில் மரம் விழுந்து பஸ்கள் நின்றுவிட்டதால், சுற்றி வேறு வழியில் போக வேண்டியிருந்தது. நடுவில் ஜீப் புகைவிட்டது. அவர் இறங்கி மூடியைத் திறந்து, மாட்டிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"ஏலே, இன்னைக்கு ஒன் சோலியக் காட்டாத. புள்ளைக ரெண்டும் முக்கியமான காரியமாப் போகுதுக."

"அப்பா, தண்ணி ஊத்துங்க. திட்டுனா ஓடாது."

"தண்ணி ஊத்துனா மட்டும் ஓடிருமா? இது ஒன்ன மாதிரி. ரெண்டும் வேணும்."

தூள் இருந்த சின்னக் குப்பி என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அதில் இருந்தது ஒரு தேக்கரண்டிகூட வராது. கன்னிவாடிக்கு வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். ஒரு கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் பரோட்டாவை முழுசாகத் தருவார்கள், இங்கே பிய்த்துப் போட்டுச் சால்னாவில் முக்கித் தந்தார்கள். குப்பியை இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"என்ன பாப்பா, மருந்தா?" என்றார் பரிமாறியவர்.

"எங்க அக்கா செஞ்சது," என்றேன்.

"சாப்புடுறதா?"

"இல்ல."

"அப்ப கொஞ்சம் தள்ளி வையி. சால்னா தெறிச்சிரும்."

மைக்ராஸ்கோப் அறையில் ஏசி குளிர். ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டோம். ஆபரேட்டர் என் வயதுதான் இருப்பார். தூளை ஒரு சின்னப் பித்தளைக் குமிழில் ஒட்டி, அதன் மேல் தங்கம் பூசினார். உண்மையான தங்கமாம், கண்ணுக்குத் தெரியாத அளவு. பிறகு உள்ளே தள்ளிக் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். அதற்கே நேரமானது. ஜெனிபர் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் முதலில் வந்தது கட்டி. சாம்பல் நிறத்தில் காலிஃபிளவர் மாதிரி. நகர்த்தினார், கட்டி. இன்னும் நகர்த்தினார், பெரிய கட்டி. ஜெனிபர் திரைக்கு இன்னும் கிட்டே போனாள். ரொம்ப நாள் தண்ணீரிலேயே கிடந்ததால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஆபரேட்டரே சொன்னார். பிறகு எங்கேயோ ஒரு மூலையில் நின்றார்.

நூல்கள். நூறு, இருநூறு இருக்கும். கோணல் மாணலாக, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஆனால் ஒவ்வொன்றும் தனியாக. எங்கள் பாக்டரியில் மெஷினுக்கு அடியில் சேர்கிற நூல்குப்பை மாதிரியேதான் இருந்தது. இதை அக்காவிடம் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும்.

"இந்த எடத்தையே எடுத்துரவா?" என்றார் ஆபரேட்டர். "எல்லாரும் அப்பிடித்தான். நல்ல எடமாப் பாத்து எடுப்பாங்க. கல்யாண ஆல்பம் மாதிரி."

"எடுத்துருங்கண்ணா," என்றாள் ஜெனிபர்.

"அது முழுசுல எவ்வளவு எடம்?" என்று கேட்டேன்.

அவர் பின்னால் இழுத்துக் காட்டினார். கட்டிகளுக்கு நடுவில் ஒரு கடுகு அளவு.

ஜெனிபர் என் பக்கம் திரும்பினாள்.  "ரேவதி, கட்டியெல்லாம் நாங்க பண்ணுனது. தொடாம விட்டு விட்டு நாங்கதான் கெடுத்தோம். இந்த நூலு மட்டுந்தான் அக்கா பண்ணுனது. இத மட்டும் எடுத்தா அது எப்பிடிப் பொய்யாகும்?"

அவள் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. அந்தப் படத்தை எடுத்துப்போனால் அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிடும். சாவு வீட்டில் வைத்த படத்துக்குக்கூட, அக்காவை ஒரு கல்யாணப் படத்திலிருந்துதான் வெட்டி எடுத்தோம். யாரோ ஒருத்தியின் கை அவள் தோளில் இருந்தது. அதை வெட்ட முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அது யார் கை என்று கேட்டார்கள்.

பாக்டரியில் பெட்டி கட்டும்போது நல்ல சட்டையை மேலே வைக்கச் சொல்வார்கள். சோதிக்க வருகிறவர் மேலே இருப்பதைத் தொடவே மாட்டார். நேராக அடியில் கையை விடுவார். அக்காவின் ஆய்வுக்குள்ளும் யாராவது அப்படிக் கையை விட்டால், பதில் சொல்ல அவள் இருக்க மாட்டாள்.

"ரெண்டையும் எடுங்க," என்றேன். "கட்டி உங்களால வந்ததுன்னு சொல்றீங்கள்ல. அதச் சொல்லணும்னா அந்தப் படமும் வேணுமே."

"ரெண்டையும் போட்டா பட்டம் போயிரலாம்."

"தெரியும்."

ஆபரேட்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டைய முடிங்க. அடுத்த ஆளு வெளிய நிக்கிறாரு."

ஜெனிபர்தான் சொன்னாள். "மொதல்ல கட்டியெல்லாம் தெரியிற மாதிரி எடுங்க. பெறகு நூல மட்டும்."

திரும்பும்போது அவள் என்னோடு பேசவில்லை. மேலே ஏற ஏறக் குளிர் வந்தது. அவளுடைய சால்வையில் பாதியை என் மேல் போட்டாள். 

கடைசி நாள் மேடத்தின் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். நூல்களைப் பார்த்தபோது மட்டும், "வந்திருக்கு," என்றார். பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ அடித்து, எனக்குச் சொல்லும்படி ஜெனிபரிடம் காட்டினார்.

"தவிர்க்க முடியாத சூழ்நிலையால் கலவை உரிய நேரத்தில் வடிகட்டப்படவில்லைன்னு எழுதியிருக்காங்க."

"என்ன சூழ்நிலைன்னு எழுத மாட்டீங்களா மேடம்?"

"இதுல அப்படி எழுதற வழக்கம் இல்லம்மா. யார் கலந்தா, யார் வடிகட்டினா, அதெல்லாம் வராது. ஆளே இல்லாம எல்லாம் தானா நடந்த மாதிரிதான் எழுதணும்."

"அப்ப கரண்டு போச்சு, பம்ப் ரிப்பேர்னு நெனச்சுக்க மாட்டாங்களா? அக்கா செத்ததாலதானே யாரும் தொடல."

செத்தது என்று நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் எல்லாரும் போயிட்டா என்றுதான் சொல்வோம்.

மேடம் அடித்ததை அழித்தார். மறுபடி அடித்தார், அதையும் அழித்தார். மூன்றாவது தடவை அடித்துவிட்டுக் கையை எடுத்தார். ஜெனிபர் படித்து, மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"இந்தக் கலவையைத் தொடங்கிய யோகேஸ்வரி அன்று மதியம் இறந்துபோனார். ஆய்வுக்கூடத்தில் இருந்த நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் இதைத் தொடவில்லை. கட்டிகள் அதனால் வந்தவை."

"பல்கலைக்கழகத்துல இத எடுத்துடச் சொல்வாங்க," என்றார் மேடம்.

"சொன்னா?"

"சொல்லட்டும். இப்ப இப்படியே போகட்டும்."

அனுப்பிவிட்டார். நான் வெளியே வந்து, அக்கா விழுந்த படியில் உட்கார்ந்தேன். அது அந்தப் படி என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. எல்லாரும் அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி நடந்ததை வைத்துத் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"டாக்டரா?" என்றாள், எடுத்ததும்.

"அனுப்பியாச்சும்மா. குடுப்பாங்களா இல்லையான்னு இன்னும் தெரியாது. குடுக்காமயும் போகலாம்."

"என்னத்த எழுதி அனுப்புனாங்க?"

அந்த மூன்று வரியையும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"ஒரு மாசமா தொடவேயில்லையா அவங்க?"

"ஆமாம்மா. பயந்துக்கிட்டு அப்படியே வச்சிருந்தாங்க."

 அம்மாவுக்குப் பின்னால் லயத்தில் யாரோ குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அவ உடம்போட ஒரு உடுப்பு பேக் வந்துச்சே," என்றாள் அம்மா. "நாமளும்தான் இன்னும் அதத் தொறக்கல. வெரசா வா. வந்ததும் தொறந்து, தோய்ச்சுக் காயப் போடுவோம்."